ஏர்ல் பட்டம் ஏன் மகளுக்குப் போவதில்லை?

கல்லடிப்பாலம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது இரவுச் சாப்பாடு முடிந்தால் ஒரு ஆங்கிலத் தொடர்தான் ஓடுகிறது. பழைய காலத்து இங்கிலாந்து, பெரிய மாளிகை, அதில் ஒரு ஏர்ல், அவருக்குப் பிள்ளைகள் எல்லாம் பெண்கள். ஆண் பிள்ளை இல்லை என்பதால் எங்கேயோ கிடந்த தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் வந்து பட்டமும் எனக்கு, மாளிகையும் எனக்கு, காணியும் எனக்கு என்கிறான், வீட்டில் உள்ளவர்களும் விதியே என்று தலையாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். என் மனிசிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "குத்துக்கல்லு மாதிரி பெத்த புள்ளைகள் இருக்கக்குள்ள எவனோ ஒருத்தனுக்கு வீட்டைக் குடுக்கிறதா, இதென்ன நியாயம்" என்று ரிமோட்டை எறியாத குறை.

அவ சொல்வதும் சரிதானே. எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு வளவு என்றால் மகளுக்குத்தான், மகன் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போகிறவன். அங்கே உண்மையாகவே சட்டம் அப்படியா, இல்லை கதைக்காகச் செய்ததா? அதோடு ஏர்ல், டியூக், லோர்ட், சேர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றா? நான் வேலைக்குப் போகிற வழியில் இருக்கிற பழைய பாலத்துக்கு லேடி மனிங் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்று படித்தோம், இவர்களும் அந்தப் பிரபுக் கூட்டத்தில் சேர்த்தியா?

இன்னொன்று. என் கூட்டாளி ஒருவன் இணையத்தில் காசு கட்டி ஸ்கொட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கி, 'லோர்ட்' என்று ஒரு சான்றிதழும் எடுத்து வைத்திருக்கிறான். அது செல்லுமா?

களுவாஞ்சிக்குடி ரீச்சர் எழுதியது:

தம்பி, தொடரில் காட்டுவது கதைக்காகச் செய்ததில்லை, அப்படித்தான் நடந்தது, பட்டத்தைப் பொறுத்தவரை இன்றும் அப்படித்தான் நடக்கிறது. முதலில் படிவரிசையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் எல்லாம் குழம்பும்.

மேலிருந்து கீழாக டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். இந்த ஐந்தில் ஏர்லும் பாரனும்தான் பழையவை. 1066 இல் நோர்மன்கள் வந்து இறங்குவதற்கு முன்பே இங்கிலாந்தில் ஏர்ல்கள் இருந்தார்கள், அப்போது அது வெறும் பட்டமில்லை, அரசனுக்காக ஒரு பெரிய பிரதேசத்தை ஆண்டு, நீதி சொல்லி, படையும் நடத்துகிற வேலை. டியூக் என்ற ஒன்று 1337 இல்தான் வந்தது, மூன்றாம் எட்வர்ட் தன் மகனைக் கோர்ன்வோல் டியூக் ஆக்கியபோது. மார்க்குவிஸ் 1385, வைகவுண்ட் 1440. பிந்தி வந்த இரண்டு பேர் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ள, ஏர்ல் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். ஆள்கிற வேலையும் மெல்ல மெல்லக் கழன்றுபோய்ப் பெயர்தான் மிஞ்சியது.

முடிசூட்டு விழாவுக்குப் போடுகிற அங்கியைப் பார்த்தால் யார் எந்தப் படி என்று தெரியும். தோள்மேல் வரும் வெள்ளை மென்மயிரில் கறுப்புப் புள்ளி வரிசைகள் இருக்கும், பாரனுக்கு இரண்டு, வைகவுண்டுக்கு இரண்டரை, ஏர்லுக்கு மூன்று, மார்க்குவிஸுக்கு மூன்றரை, டியூக்குக்கு நான்கு. அரை வரிசைக்கெல்லாம் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்! ஏர்லின் சிறுமுடியில் எட்டு உயர்ந்த காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளி உருண்டை, இடையிடையே ஸ்ட்ரோபெரி இலை.

'லோர்ட்' தனிப் படி இல்லை. பாரனிலிருந்து மார்க்குவிஸ் வரை எல்லாரையும் பேச்சில் லோர்ட் இன்னார் என்றே அழைப்பார்கள், டியூக்கை மட்டும் அப்படிச் சொல்வதில்லை. ஏர்லின் மனைவி கவுண்டஸ், பேச்சில் லேடி. பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். தகப்பன் உயிரோடு இருக்கும்போது மூத்த மகன் தகப்பனுடைய துணைப் பட்டங்களில் ஒன்றை மரியாதைக்காகப் போட்டுக்கொள்வார், சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரண ஆள்தான். இளைய ஆண்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, பெயருக்கு முன்னால் எழுத்தில் மட்டும் 'கௌரவ' என்று வரும். பெண்பிள்ளைகள் எல்லாரும் லேடி. டயானாவை எடுத்துக்கொள்ளுங்கள், 1975 இல் அவருடைய தாத்தா இறந்து தகப்பன் எட்டாவது ஏர்ல் ஸ்பென்சர் ஆனபோதுதான் அவர் லேடி டயானா ஆனார். 1992 இல் தகப்பன் இறந்தபோது டயானாவுக்கு மூத்த அக்கா இருந்தார், இன்னொரு அக்காவும் இருந்தார், பட்டம் போனது எல்லாருக்கும் கடைசியாகப் பிறந்த தம்பி சார்ள்ஸுக்கு. உங்கள் வீட்டம்மாவுக்கு இதையும் சொல்லிப் பாருங்கள், ரிமோட்டை மட்டும் முதலில் எடுத்து வைத்துவிட்டு.

லேடி மனிங் கதை வேறு. அவருடைய கணவர் சேர் வில்லியம் மனிங் 1918 முதல் 1925 வரை இலங்கைத் தேசாதிபதி, பாலம் திறந்தது 1924 இல். கணவர் 'சேர்' என்றால் மனைவி 'லேடி', அவ்வளவுதான். 'சேர்' என்பது ஆளோடு வந்து ஆளோடு போகிற பட்டம், இராமநாதனுக்கும் அவர் தம்பி அருணாசலத்துக்கும் கிடைத்தது அதுதான், பிள்ளைகளுக்கு இறங்காது. பரம்பரையாக இறங்குகிற 'சேர்' ஒன்றும் இருக்கிறது, பரோனெற் என்பார்கள், ஆனால் அவரும் பிரபுக் கணக்கில் வரமாட்டார். முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1611 இல் படைச் செலவுக்குக் காசு தேடித்தான் அதை உண்டாக்கினார், விலை 1,095 பவுண். மார்கிரட் தட்சருடைய கணவருக்கு 1990 இல் ஒன்று கொடுத்தார்கள், அதனால்தான் மகன் இப்போது சேர் மார்க் தட்சர்.

பெண்பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்பதை வேறு யாராவது விளக்கமாக எழுதுங்கள், எனக்குப் பேரனை ரியூசனுக்கு ஏற்ற நேரமாயிற்று.

அக்கரையான் எழுதியது:

ரீச்சர் விட்ட இடத்திலிருந்து பிடிக்கிறேன். நான் நொத்தாரிசு ஒருவரிடம் எழுத்து வேலை பார்க்கிறவன், உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதியே தலை நரைத்தவன், அதனால் எனக்கு இது ஒரு உறுதி வழக்காகத்தான் தெரிகிறது.

ஏர்ல் பட்டம் கொடுக்கும்போது அரசர் பெரிய முத்திரை பதித்து ஒரு பத்திரம் கொடுக்கிறார். அதில் இன்னாருக்கு இந்தப் பட்டம் என்பதோடு, அவருக்குப் பிறகு யாருக்கு என்பதும் எழுதியிருக்கும். பெரும்பாலும் வருகிற வாசகம், அவர் உடலில் சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு என்பது. முழு வழக்கும் இந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. தத்துப்பிள்ளை வராது. கலியாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை வராது. மகள் வரமாட்டாள், மகளுடைய மகனும் வரமாட்டான். ஏர்ல் மரணசாசனத்தில் வேறு ஆளுக்கு எழுதவும் முடியாது, விற்கவும் முடியாது, அடங்காத மகனைத் தள்ளிவைக்கவும் முடியாது. மகன் இல்லையா, தம்பி, தம்பி இல்லையா, சிறியதகப்பன் மகன், அதுவும் இல்லையா, முதலாவது ஏர்ல் வரைக்கும் ஆண்வழியில் ஏறி அடுத்த கிளையில் இறங்கித் தேடுவார்கள். தொடரில் வந்த அந்தத் தூரத்துச் சொந்தக்காரன் அப்படித் தேடிப் பிடித்த ஆள்தான். ஒருவரும் அகப்படாவிட்டால் பட்டம் அழிந்துபோகும். சுயஸ் கால்வாய்ப் பிரச்சினையோடு பிரதமர் பதவியை விட்டாரே அந்தனி ஈடன், அவருக்கு 1961 இல் ஏவன் ஏர்ல் பட்டம் கொடுத்தார்கள், மகன் பிள்ளையில்லாமல் 1985 இல் இறந்தார், அத்தோடு முடிந்தது, இருபத்துநான்கு வருடத்துப் பட்டம்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும், பட்டம் வேறு, காணி வேறு. காணிக்கு அந்த விதி தானாக வரவில்லை, குடும்பங்கள் வேண்டுமென்றே கட்டிப்போட்டார்கள். இருக்கிற ஏர்லுக்குச் சீவிய உரித்து மட்டும், வருமானத்தை அனுபவிக்கலாம், விற்கவோ துண்டாடவோ முடியாது. மகனுக்கு இருபத்தொரு வயதாகிறபோது தகப்பனும் மகனும் உட்கார்ந்து அடுத்த தலைமுறைக்கும் சேர்த்து மறுபடி கட்டி எழுதுவார்கள், மகனுக்கு அப்போது கைச்செலவுக்குக் காசு வேண்டியிருக்கும், அதனால் கையெழுத்துப் போட்டுவிடுவான். பெண்பிள்ளைக்குக் கலியாணத்துக்கென்று ஒரு தொகை, இளைய மகனுக்கும் ஒரு தொகை, மறுகா அவன் படைக்கோ கோவிலுக்கோ காலனி நாட்டு உத்தியோகத்துக்கோ போய்ப் பிழைக்க வேண்டியதுதான். இங்கே வந்த பல துரைமாரும் அப்படி வீட்டில் பங்கு கிடைக்காமல் கப்பல் ஏறியவர்கள்தான்.

ஏன் இப்படி என்று கேட்டால், துண்டாடினால் பலம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் பொய்யும் இல்லை. எங்கட பக்கம் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வைத்திருந்த போடியார்மாரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆளுக்கு ஒன்றரை ஏக்கரோடு வரம்புச் சண்டைக்கு எங்களிடம் வருகிறார்கள். ஏர்ல் வீட்டார் மூத்தவனிடமே எல்லாவற்றையும் குவித்து முந்நூறு நானூறு வருடம் காப்பாற்றினார்கள், மற்றப் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலோடு. கடைசியில் அதை உடைத்தது மகள்மார் இல்லை, வரி. 1894 இல் மரணவரி வந்தது, அப்போது உச்சமே நூற்றுக்கு எட்டு, 1919 இல் பெரிய சொத்துகளுக்கு நூற்றுக்கு நாற்பது. முதல் உலகப்போரில் தகப்பனும் மகனும் அடுத்தடுத்துச் செத்த வீடுகளில் வரி மேல் வரி. காணியை விற்றார்கள், படங்களை விற்றார்கள், மாளிகையையே இடித்துக் கல்லாகவும் மரமாகவும் விற்றவர்களும் இருக்கிறார்கள். இன்று ஒரு ஏர்ல் தன் சொத்தை மகளுக்கு எழுத நினைத்தால் பெரும்பாலும் எழுதலாம், பட்டத்தை மட்டும் எழுத முடியாது.

மனமிருந்தால் வழியும் இருந்தது என்பதற்கு மவுண்ட்பேட்டன் சாட்சி. 1944 இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தவர், அவருக்கு இரண்டும் பெண்கள். 1946 இல் வைகவுண்ட் பட்டமும் 1947 இல் ஏர்ல் பட்டமும் கொடுக்கும்போது பத்திரத்திலேயே மகளுக்கும் போகலாம் என்று எழுதிவிட்டார்கள். 1979 இல் அவர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது மூத்த மகள் பட்ரிசியா கவுண்டஸ் ஆனார், 2017 இல் அவருக்குப் பிறகு அவருடைய மகன். ஒரு வரியை மாற்றி எழுதினால் போதும், மற்றவர்களுக்கு எழுதவில்லை.

பழைய பாரன் பட்டங்கள் சிலவற்றுக்குப் பத்திரமே கிடையாது, அரசர் சபைக்கு வரச்சொல்லி அழைத்த ஓலையிலிருந்து வந்தவை, அவை மகளுக்கும் இறங்கும். அதிலும் ஒரு வேடிக்கை, ஆண்பிள்ளைகளில் மூத்தவன் என்று பார்க்கிறவர்கள் பெண்பிள்ளைகளில் மூத்தவள் என்று பார்க்கமாட்டார்கள், எல்லாரும் சம பங்கு. பட்டத்தைப் பங்குபோட முடியாதே, ஆகவே ஒருத்தியின் வழி மட்டும் மிஞ்சும்வரை அல்லது அரசர் ஒருவரைத் தெரிவு செய்யும்வரை அது அந்தரத்தில் நிற்கும். கமோய்ஸ் என்ற பாரன் பட்டம் 1426 இல் அந்தரத்தில் போய் 1839 இல்தான் இறங்கியது.

வெயிலான் எழுதியது:

வெள்ளைக்காரன் போய் எழுபத்தைந்து வருசத்துக்கு மேலாகிறது, அவன் வீட்டுப் பட்டம் மகனுக்குப் போனால் என்ன மகளுக்குப் போனால் என்ன. இங்கே யூரியா விலை என்ன என்று ஒரு திரி போட்டால் ஒருத்தனும் எழுதுவதில்லை.

களுவாஞ்சிக்குடி ரீச்சர் எழுதியது:

யூரியாவுக்கும் திரி போடுங்கள் மகன், அதிலும் எழுதுவோம். நமக்கென்ன என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கடையில் ஏர்ல் கிரே என்று தேயிலைப் பெட்டி பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய இரண்டாவது ஏர்ல் கிரே 1830 முதல் 1834 வரை பிரதமர், வாக்குரிமையை விரித்த 1832 சீர்திருத்தச் சட்டம் அவர் காலத்தது. அவருடைய மகன் மூன்றாவது ஏர்ல் கிரே 1846 முதல் 1852 வரை காலனிகளுக்குப் பொறுப்பான அமைச்சர். அந்தக் காலத்தில் இலங்கைக்குத் தேசாதிபதியாக அனுப்பப்பட்டவர் டொரிங்டன், ஏழாவது வைகவுண்ட், வந்தபோது வயது முப்பத்துநான்கு, பிரதமர் லோர்ட் ஜோன் ரசலுக்கு உறவுக்காரர். அவர் போட்ட துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரிகளில் வந்ததுதான் 1848 மாத்தளைக் கிளர்ச்சி, இராணுவச் சட்டம் போட்டுச் சுட்டுத் தள்ளியது பெரிய விவகாரமாகி 1850 இல் திருப்பி அழைக்கப்பட்டார். யாருடைய மகன் யார் என்பதைப் பார்த்து ஆளை அனுப்பினால் அதற்கான விலையை மாத்தளையில் உள்ளவன் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே நமக்கு அதில் கொஞ்சம் இருக்கிறது.

அந்த ஜோன் ரசலை லோர்ட் என்றாலும் அவர் அப்போது பிரபுக்கள் சபையில் இல்லை, மக்கள் தெரிவு செய்யும் பொதுச்சபையில்தான் இருந்தார். பெட்போர்ட் டியூக்கின் இளைய மகன், அந்த லோர்ட் மரியாதைக்கு வந்தது. 1861 இல்தான் அவரே ஏர்ல் ஆனார். தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரசல் அவருடைய பேரன். 1931 இல் அண்ணன் பிள்ளையில்லாமல் இறக்க, மூன்றாவது ஏர்ல் ரசல் ஆனார், கேட்டு வாங்கியதில்லை, தானாகத் தலையில் வந்து விழுந்தது.

கல்லடிப்பாலம் தம்பி வீடு மகளுக்குத்தான் என்று சொன்னதற்கும் ஒரு சொல். நாங்கள் பெண்வழி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம், வீடு வளவில் அது சரிதான். ஆனால் கொக்கட்டிச்சோலை மாதிரிப் பழைய கோயில்களில் வண்ணக்கர், அதாவது கோயில் நிர்வாகி, உரிமையைப் பாருங்கள். குடி என்கிற குலப்பிரிவு தாய்வழி, மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்குவதுதான் பழைய முறை, அதாவது சகோதரியின் மகனுக்கு. வழி பெண்ணுடையது, பரிவட்டம் கட்டுகிற தலை ஆணுடையது. அந்த அளவில் ஏர்ல் வீட்டு மகளுக்கும் எங்கட வீட்டு மகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அக்கரையான் எழுதியது:

ரீச்சர், பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காயர்மாரும் அப்படித்தான். குடிக்கு ஒருவர் என்று வைப்பார்கள், என் குடி உம்மாவுடைய குடி, வாப்பாவுடையது இல்லை, ஆனால் மரைக்காயராக இருப்பது எப்போதும் ஆம்பிளைதான். என்றாலும் ஒரு வித்தியாசம் சொல்வேன், இங்கே மகளுக்குக் குந்தியிருக்க ஒரு வீடு இருக்கிறது. ஏர்ல் செத்தால் அங்கே மனைவியும் பெண்பிள்ளைகளும் புது ஏர்லுக்கு மாளிகையைக் கொடுத்துவிட்டு விதவைக்கென்று ஒதுக்கிய சின்ன வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

செங்கலடிச் சந்தி எழுதியது:

எல்லாரும் இங்கிலாந்துக்குப் போய்விட்டீர்கள், ஒரு பிரபு எங்கட செங்கலடியிலேயே இருந்தாரே, அதை ஒருவரும் சொல்லவில்லை.

சோல்பரி ஆணைக்குழு தெரியும்தானே. அந்தச் சோல்பரிப் பிரபுவின் இயற்பெயர் ஹெர்வால்ட் ராம்ஸ்பொத்தம், 1941 இல் பாரன், 1949 முதல் 1954 வரை இங்கே மகாதேசாதிபதி, 1954 இல் வைகவுண்ட். ஏர்லுக்கு அடுத்த கீழ்ப்படி. அவருடைய மூத்த மகன் ஜேம்ஸ், யாழ்ப்பாணத்தில் யோகர் சுவாமியிடம் போய்ச் சீடராகிவிட்டார். சந்தசுவாமி என்றால் எங்கட பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும், செங்கலடிச் சிவதொண்டன் நிலையத்தோடு சம்பந்தப்பட்டவர். தகப்பன் மகாதேசாதிபதி மாளிகையில், மகன் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் ஓலைக் கொட்டிலில் இருந்த சாமியாரின் காலடியில்.

மறுகா நடந்ததுதான் இந்தத் திரிக்குப் பொருத்தம். 1971 இல் தகப்பன் இறந்தார், ஜேம்ஸ் இரண்டாவது வைகவுண்ட் சோல்பரி ஆகிவிட்டார். சிவதொண்டு செய்கிறவர் என்று அந்தப் பத்திரம் பார்க்குமா, மூத்த மகன் என்று மட்டும்தான் பார்க்கும். 2004 இல் அவர் இறந்தபோது பிள்ளை இல்லை, பட்டம் தம்பி பீற்றருக்குப் போனது, அவர் அமெரிக்காவில் பிரித்தானியத் தூதராக இருந்தவர், ஏற்கெனவே தன் சேவைக்குச் சேர் பட்டம் வாங்கியவர். 2010 இல் அவரும் போக, அவர் மகனுக்கு. எங்கட அம்மம்மா சந்தசுவாமியைப் பற்றிச் சொல்லும்போது ஒருநாளும் பிரபு என்று சொன்னதில்லை, வெள்ளைக்காரச் சாமி என்றுதான் சொல்வா.

கல்லடிப்பாலம் எழுதியது:

ரீச்சர், அக்கரையான் காக்கா, செங்கலடி அண்ணன் எல்லாருக்கும் நன்றி. சந்தசுவாமி கதை எனக்குப் புதிது. மனிசிக்கு வாசித்துக் காட்டினேன், மவுண்ட்பேட்டன் இடம் வந்ததும் "பாத்தீங்களா, எழுத ஏலும்தானே" என்றா. இன்னும் இரண்டு சந்தேகம். தானாக வந்து விழுகிறது என்கிறீர்களே, வேண்டாம் என்று சொல்ல முடியாதா? இந்த ஏர்ல்மார் இன்றைக்கும் பாராளுமன்றத்தில் இருக்கிறார்களா? அந்த சதுர அடி நிலத்துக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

லண்டன் மட்டுநகரான் எழுதியது:

நான் சொல்கிறேன், இங்கே இருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன்.

வேண்டாம் என்று சொல்ல 1963 வரை வழியே இல்லை. டொனி பென் என்று தொழிற்கட்சிக்காரர், பொதுச்சபை உறுப்பினர். 1960 இல் தகப்பன் இறக்க அவர் வைகவுண்ட் ஸ்டான்ஸ்கேற் ஆகிவிட்டார், பிரபு பொதுச்சபையில் இருக்க முடியாது என்று வெளியே போட்டார்கள். இடைத்தேர்தலில் நின்று மறுபடி வென்றார், அப்போதும் விடவில்லை, தோற்றவருக்கு ஆசனத்தைக் கொடுத்தார்கள். அவர் விடாமல் மல்லுக்கட்டி 1963 இல் சட்டத்தை மாற்ற வைத்தார், அதன்படி பட்டம் வந்து ஒரு வருடத்துக்குள் தன் ஆயுளுக்கு மட்டும் துறக்கலாம். பென் முதல் ஆளாகத் துறந்தார். வேடிக்கை என்னவென்றால் சில மாதத்தில் அதே சட்டத்தால் பிரதமரானவர் மாற்றுக் கட்சியான கொன்சர்வேற்றிவ்காரர், பதினான்காவது ஹியூம் ஏர்ல், பதவி ஏற்ற சில நாளில் பட்டத்தை விட்டுவிட்டு சேர் அலெக் டக்ளஸ் ஹியூம் ஆனார். இந்தக் காலத்தில் பதினான்காவது ஏர்லா என்று தொழிற்கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன் நக்கலடிக்க, யோசித்துப் பார்த்தால் அவரும் பதினான்காவது மிஸ்டர் வில்சன்தானே என்று திருப்பிக் கொடுத்தார். நான் தொழிற்கட்சிக்கு வாக்குப் போடுகிறவன், ஆனால் அந்தப் பதிலில் வில்சன் வாங்கிக்கட்டினார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

துறந்தாலும் பட்டம் சாகாது, தூங்கும். பென் 2014 இல் இறந்தபோது மகன் ஸ்டீவன் மூன்றாவது வைகவுண்ட் ஆனார், 2021 இல் பிரபுக்கள் சபைக்கும் போய்விட்டார். தகப்பன் எதிலிருந்து தப்பி ஓடினாரோ அதற்குள்.

அடுத்தது பாராளுமன்றம். 1999 வரை பரம்பரைப் பிரபு என்றால் பிறப்பாலேயே ஆசனம். பிளேயர் அரசு அதை நிறுத்தியது, சமரசமாக 92 பேரை மட்டும் விட்டார்கள். அதில் ஒருவர் செத்தால் இடைத்தேர்தல் வைத்தார்கள், அதில் நிற்பதற்கும் பரம்பரைப் பட்டம் வேண்டியிருந்தது, பெரும்பாலும் வாக்குப் போட்டதும் அதே கட்சியின் பரம்பரைப் பிரபுக்கள். 2016 இல் லிபரல் டெமொகிரட் கட்சியின் இடம் ஒன்றுக்கு ஏழு வேட்பாளர், வாக்காளர் மொத்தம் மூன்று பேர். தேர்சோ வைகவுண்ட் மூன்று வாக்கும் எடுத்து வென்றார். எங்கட ஊர் கிராம அபிவிருத்திச் சங்கத் தெரிவுக்கு இதைவிடக் கூட்டம் வரும். 2024 இல் வந்த தொழிற்கட்சி அரசு மிச்சமிருந்த அந்த ஆசனங்களையும் எடுக்கச் சட்டமூலம் கொண்டுவந்தது. ஆசனம் போனாலும் ஏர்ல் ஏர்ல்தான், பெயரை யாரும் பிடுங்கவில்லை.

அரச குடும்பத்துக்கு வெளியே கடைசியாகப் புது ஏர்ல் பட்டம் கொடுத்தது 1984 இல், முன்னாள் பிரதமர் மக்மிலனுக்கு. ஓய்வு பெற்ற பிரதமருக்கு ஏர்ல் என்பது ஒரு வழக்கமாக இருந்தது, லொயிட் ஜோர்ஜ், அட்லீ எல்லாரும் வாங்கினார்கள். இலவச மருத்துவம் கொண்டுவந்த தொழிற்கட்சி அட்லீயுடைய பேரன், மூன்றாவது ஏர்ல் அட்லீ, பிரபுக்கள் சபையில் கொன்சர்வேற்றிவ் பக்கம் உட்கார்ந்தார் என்பதை எங்கே போய்ச் சொல்வது.

இப்போதெல்லாம் தகப்பன் செத்தவுடன் பெயரைப் போட்டுக்கொண்டால் மட்டும் அரசாங்கம் ஏற்காது. 2004 முதல் பிரபுக்கள் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் விவாகப் பதிவு எல்லாம் காட்டி நிரூபித்தால்தான் உத்தியோகபூர்வமாக அந்தப் பெயர். சூறாவளியிலும் சண்டையிலும் சுனாமியிலும் பத்திரம் தொலைத்துக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலைந்த எங்கட சனம் அங்கே பிறந்திருந்தால் ஒரு ஏர்லும் தேறியிருக்கமாட்டான்.

சதுர அடி நிலத்துக்கு வருவோம். அது விளையாட்டுச் சாமான். ஸ்கொட்லாந்தில் பட்டம், குலச்சின்னம் எல்லாவற்றுக்கும் பொறுப்பான அதிகாரி லோர்ட் லயன், அவருடைய அலுவலகமே இந்த நினைவுப்பொருள் நிலத்தால் எந்தப் பட்டமும் வராது என்று சொல்லிவிட்டது. பெரும்பாலும் நிலமும் காணிப் பதிவில் உங்கள் பெயருக்கு ஏறாது. இங்கிலாந்தில் மேனர் பிரபு என்று ஒன்றை ஏலத்தில் விற்பார்கள், அதை வாங்கலாம், சட்டப்படி சரி, ஆனால் அது பழைய கிராமக் காணி உரிமையின் மிச்சம், பிரபுக்கள் பட்டமில்லை. உண்மையான பட்டத்தைக் காசுக்கு விற்றதும் நடந்தது, லொயிட் ஜோர்ஜ் காலத்தில் கட்சிநிதிக்காகச் சந்தை போட்டு விற்றார்கள், நாறிப்போய் 1925 இல் அதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். தரகு பார்த்த மோன்டி கிரெகரி என்பவர் 1933 இல் அந்தச் சட்டத்தில் அகப்பட்டுச் சிறைக்கும் போனார்.

வெயிலான் எழுதியது:

மூன்று வாக்காளர், ஏழு வேட்பாளர். சரி, இதற்காகவாவது வந்தது நல்லது. நாலு பேருக்குச் சைபரா?

லண்டன் மட்டுநகரான் எழுதியது:

நாலு இல்லை, ஆறு பேருக்கும் சைபர். ஒருவர் கட்டுப்பணம் இழந்ததாகத் தெரியவில்லை, அங்கே கட்டுப்பணமே இல்லை.

கல்லடிப்பாலம் எழுதியது:

கடைசியாக ஒன்று, இது நான் கேட்பதில்லை, மனிசி கேட்கச் சொன்னது. ஏர்லின் மனைவி கவுண்டஸ் ஆகிறாரே, பட்ரிசியா மாதிரித் தன் உரிமையில் கவுண்டஸ் ஆகிற பெண்ணுடைய புருசன் ஏர்ல் ஆவாரா?

அக்கரையான் எழுதியது:

ஆகமாட்டார் தம்பி. பெண்ணின் பட்டம் புருசனுக்குப் போகாது. பட்ரிசியாவின் கணவர் ஜோன் பிராபோர்ன் பிரபு என்று அழைக்கப்பட்டார், ஆனால் அது அவருடைய தகப்பன்வழி வந்த பாரன் பட்டம், அவர் ஏழாவது பாரன். அவர் 2005 இல் இறந்தபோது அது மகன் நோர்ட்டனுக்குப் போனது, பன்னிரண்டு வருடம் கழித்துத் தாயுடைய ஏர்ல் பட்டமும் அதே மகனிடம் வந்து சேர்ந்தது.